லேசான பலகைக்குக் கனம் சேர்த்த வரலாறு

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது முதல் பாய்ச்சல் என்றால், எங்கள் பல்கலைக்கழகத்தில் ‘ஆய்வு வணிகமயமாக்கல் மையம்’ திறக்கப்பட்டது இரண்டாம் பாய்ச்சல். நடுவில் நடந்ததெல்லாம் ஒத்திகை. இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. பகலில் அந்த மையத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். மாலையில் நிர்வாகவியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். இருந்தாலும் யாராவது ஒருவர் ஒழுங்காகப் பதிவு செய்துதானே ஆகவேண்டும்?

எங்கள் மையத்தின் மகத்தான சாதனை ஒரு பலகை. மேலே ஒரு மெல்லிய மரத்தகடு, கீழே ஒரு மெல்லிய மரத்தகடு, இடையில் தேன்கூடு மாதிரி மடித்து ஒட்டிய மரச்சீவல். மிச்சமெல்லாம் காற்று. அதில் செய்த மேசையை ஒரு கையால் தூக்கலாம். மேலே ஆள் ஏறி நின்றாலும் வளையாது. இதைக் கண்டுபிடித்தவர் என் சித்தி, அம்மாவின் கூடப் பிறந்த தங்கை; எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். எனக்கு இந்த வேலை கிடைத்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று கோப்பிலேயே இருக்கிறது.

சித்தியின் வேலை நிரந்தரம் அல்ல. ஏதாவது ஒரு தொழிற்சாலை பலகையைத் தயாரிக்க ஒப்புக்கொண்டால் அவருடைய ஆய்வகம் நீடிக்கும். இல்லாவிட்டால் ஆய்வகத்துக்குப் பூட்டு, சித்திக்கு வீடு. இதை எங்கள் இயக்குநர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கனிவோடு நினைவுபடுத்துவார். அதற்கு எங்கள் மையத்தில் ‘ஊக்குவிப்பு’ என்று பெயர்.

ஊக்குவிப்பு வீண்போகவில்லை. ஃபர்னிச்சர் தொழிற்சாலை முதலாளி ஒருவர், தன் விற்பனை ஆலோசகரோடு வந்தார். மேசையைக் கண்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தூக்கு தூக்கினார். மேசை எதிர்பாராத வேகத்தில் மேலே போனது. முதலாளி பின்னால் நின்ற ஆலோசகர் மேல் போய் விழுந்தார்.

“என்னம்மா இது, உள்ள ஒண்ணுமே இல்லையா?”

“காத்து இருக்கு சார்,” என்றார் சித்தி.

“காத்தை வாங்குறதுக்கா என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சீங்க?”

சித்தி இயக்குநரை மேசைமேல் ஏறி நிற்கச் சொன்னார். இயக்குநர் நல்ல வளர்த்தியான மனிதர். விஞ்ஞானத்துக்காக ஏறினார். மேசை அசையவில்லை. முதலாளி குனிந்து அடியில் பார்த்தார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

“தாங்குது. மறுக்கல. ஆனா என் கடைக்கு வர்றவன் இயக்குநரைக் கூட்டிட்டா வர்றான்?”

இந்த இடத்தில் ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் நடத்திய ‘ஆழமான சந்தை ஆய்வின்’படி, கடைக்கு வருகிறவர்கள் மேசையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். தூக்கும்போது முகம் கோணினால் வாங்குகிறார்கள். கோணாவிட்டால் போய்விடுகிறார்கள்.

“அதனால, உள்ள காலியா கிடக்கற இடத்துல கொஞ்சம் மணலை நிரப்பிட்டா என்ன?” என்றார்.

இயக்குநர் இன்னும் மேசைமேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

“சார், இந்த ஆராய்ச்சியே எடையைக் குறைக்கிறதுக்குத்தான்,” என்றார் சித்தி.

“குறைச்சாச்சு இல்லம்மா?” என்று மேலேயிருந்து இயக்குநர் கேட்டார். “அந்தப் பெருமையை யாரு உங்ககிட்டேயிருந்து பிடுங்கப் போறாங்க? இது அடுத்த கட்டம்.”

‘எடை மேம்பாட்டுத் தொழில்நுட்பம்’ என்று குறிப்பில் எழுதிக்கொண்டேன். எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. என் சந்தேகங்கள் பெரும்பாலும் தப்பாகவே இருக்கும் என்பதால் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஆய்வகத்துக்குப் போனேன். சித்தி பிசின் காய்ந்த விரல்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“கையெழுத்து போட்டுடுவீங்களா சித்தி?”

“போடலைன்னா உங்க அம்மா சமையலறையில உட்கார்ந்துதான் பலகை ஒட்டணும். அவ அடுப்பைத் துடைக்கச் சொல்லியே என் ஆராய்ச்சியை முடிச்சிடுவா.”

“அப்ப மணலு?”

சித்தி பலகை ஒன்றை எடுத்து, தேன்கூட்டின் ஒவ்வொரு அறைக்கும் அடுத்த அறைக்கும் வழி விட்டு, கீழ் விளிம்பில் ஒரு துளை போட்டு, அதில் ஒரு தக்கையைச் செருகினார்.

“வாங்கறவங்க வீட்டுக்குப் போனதும் இதை உருவிட்டா போதும்டா. மணல் கொட்டிடும். பலகை பழையபடி லேசாயிடும். கடையில முகத்தைக் கோணிக்கட்டும், வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்.”

மறுநாள் முதலாளி தக்கையை உருவிப் பார்த்தார். மணல் அவர் செருப்புமேல் கொட்டியது. அவர் கண் கலங்கிவிட்டது.

“கனமாவும் விக்கலாம், லேசாவும் விக்கலாம்! தக்கையை உருவ ஆள் அனுப்பி, அதுக்குத் தனியா சார்ஜ் போடலாம்!”

“வாங்கறவங்களே உருவிக்கலாம் சார். சின்னக் குழந்தைகூட உருவும்.”

“அப்ப தக்கையை இன்னும் கொஞ்சம் இறுக்கமா வைம்மா.”

ஒப்பந்தம் கையெழுத்தானது. ‘எடை நீக்கும் சேவை’க்குச் சீருடை தைத்தார்கள். வீடு வீடாகப் போய்த் தக்கை உருவுகிறவர்களுக்கு ‘லேசாக்க வல்லுநர்’ என்று பதவி. உருவிக் கொட்டிய மணலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் ஒரு திட்டம் வந்தது. புதுமைக்கான விருது இயக்குநருக்குக் கிடைத்தது. மேடையில் வைத்த மேசையைத் தூக்க முடியாமல் தொண்டர்கள் திணறியதைப் பார்த்து அரங்கமே கைதட்டியது. தரம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் சொன்னார்.

அடுத்து மதிப்பீட்டுக் கூட்டம். ஆலோசகர் இப்போது எங்கள் மையத்துக்கும் ஆலோசகராகிவிட்டார். அவர்தான் அந்த நுட்பமான கேள்வியைக் கிளப்பினார். தக்கையை உருவினாலே எடை குறைந்துவிடுகிறது. பிறகு எடையைக் குறைக்க ஓர் ஆய்வகம் எதற்கு?

தர்க்கம் எங்கும் இடிக்கவில்லை. இடிக்கிற இடத்தை நான் இரண்டு முறை தேடினேன். கிடைக்காததால் எழுதிக்கொண்டேன்.

“தொழிற்சாலை வாங்கினா ஆய்வகம் இருக்கும்னு சொன்னீங்களே சார்?” என்று சித்தி கேட்டார்.

“அவங்க வாங்கினது பலகையைம்மா. ஆய்வகத்தை யாரும் வாங்கலையே?”

சித்திக்குப் பூங்கொத்து கொடுத்து வழியனுப்பினோம். நல்ல பூங்கொத்து. குறை சொல்ல முடியாது. ஆய்வகத்தில் இப்போது மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.

போன வாரம் முதலாளி இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“சார், மணலை ஏத்தி ஏத்தி லாரிக்கெல்லாம் அச்சு முறியுது. டீசலுக்கே லாபம் போயிடுது. ஏதாச்சும் பண்ணுங்க.”

இயக்குநர் சளைக்கிற ஆள் இல்லை. போனை வைத்த கையோடு புதிய ஆய்வுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். ‘எடை குறைந்த மணல்.’

“விளம்பரம் எழுது தம்பி. எப்படிப்பட்ட ஆள் வேணும்னு தெளிவா போடு.”

ஒழுங்காக யோசித்து எழுதினேன். ‘கனமான பொருளை, பலம் குறையாமல் லேசாக்கத் தெரிந்தவர்.’

“பிரமாதம். நம்ம பல்கலைக்கழகத்திலேயே அப்படி யாராவது இருக்காங்களா?”

“இருந்தாங்க சார்.”

“இருந்தாங்களா!” அவர் உண்மையாகவே பதறிவிட்டார். “அவ்வளவு அருமையான ஆளை வெளியே அனுப்பின அறிவாளி யாருப்பா?”

பொறுப்பு முழுவதையும் ஒருவர்மீதே சுமத்துவது நல்ல நிர்வாகம் ஆகாது என்று மாலை வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே எழுந்து நின்று பணிவோடு சொன்னேன்.

“நாம எல்லாருமா சேர்ந்துதான் சார் அனுப்பினோம். தலைமை மட்டும் நீங்க.”