எட்டாம் மலையில் கேட்ட ஆண் குரல்

தெமோதரை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய செல்வநாயகம் மாமாவுக்கு,

மருமகள் மதுஷா பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் ஆடும் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அண்ணனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அப்புத்தளையில் உங்கள் கடையில் அண்ணனுக்கு உடனே ஒரு வேலை வேண்டும்.

துஷ்யந்தி அக்கா அண்ணனாகி வருவது உங்களுக்குத் தெரியும். கொழும்பு டாக்டரின் ஊசி தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. அடையாள அட்டை மாறும்வரை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களோடுதான் வேலை. தெரிந்தால் துரத்திவிடுவார்கள் என்று அண்ணன் பயப்படுகிறான். ஆனால் உடம்புக்குப் பொறுமை இல்லை, மாமா. மேலுதட்டில் பூனைமுடி வந்ததும், குளிர் என்று சொல்லித் துண்டால் முகத்தைக் கட்டினான், நெஞ்சை மறைக்க, பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அக்குள்வரை ஏற்றிக் கட்டினான், குரல் உடைந்ததும் தொண்டைப் புண் என்று பேச்சையே நிறுத்திவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை தோட்டத்தின் எட்டாம் மலையில் பனி இறங்கி, பக்கத்தில் நிற்பவரின் கைகூடத் தெரியாமல், கொழுந்து கிள்ளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாம். கூடப் பறிப்பவர்களில் மூத்தவரான வடிவம்மா அக்கா பள்ளத்தின் விளிம்பை நோக்கி நடப்பது மங்கலாகத் தெரிந்ததும் அண்ணன் தன்னை மறந்து, "அக்கா, நில்லுங்க!" என்று கத்திவிட்டான். அக்கா நின்றார். கிள்ளும் சத்தமும் நின்றது. முப்பது பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் ஓர் ஆணின் குரல்! "முனி பேசிருச்சுடீ!" என்று கூடைகளைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓட, அண்ணனும் ஓடினான், ஓடாவிட்டால் சந்தேகம் வருமே. வேலையை மேற்பார்க்கும் வீரய்யா கங்காணி, "எவனோ ஒளிஞ்சிருக்கான்" என்று கம்போடு பனிக்குள் போனார். போனதைவிட வேகமாகத் திரும்பினார். எதைக் கண்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மலை உச்சியில் முனியாக நட்டிருக்கும் கல்லுக்குச் சேவலும் சுருட்டும் வைத்துப் படையல். பௌர்ணமிப் போயா விடுமுறை என்பதால் நானும் போனேன். அண்ணன் தன்னையே விழுந்து கும்பிட வேண்டியதாயிற்று. அப்போது வடிவம்மா அக்கா கல்லைப் பார்த்து, "சாமி, நாப்பது வருசமா முனிக் கதை கேக்குறேன். முனி மெரட்டும், அடிக்கும். எவளையும் அக்கான்னு கூப்பிடாது" என்றார். பிறகு மெல்லத் திரும்பி அண்ணனின் துண்டையே பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணனை அழைத்துக்கொள்ளுங்கள், மாமா.

அத்தையின் காலைத் தொட்டு நான் வணங்கியதாகச் சொல்லுங்கள், வலிக்காத காலை.

தங்கள் அன்பு மருமகள்,
மதுஷா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது. வேலை வேண்டாம், மாமா. வடிவம்மா அக்கா அண்ணனைப் பற்றிப் பெண்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நேற்று அண்ணனிடம், "முனி வந்ததுலேர்ந்து கங்காணி இந்தப் பக்கம் எட்டிப் பாக்குறதில்ல. நிம்மதியா இருக்கு. அட்டை வர்ற வரைக்கும் எங்ககூடவே இரு, தம்பி. அவரு பயம் தெளியாம இருக்க, நாளைக்கு ஒருக்கா சத்தம் மட்டும் குடு" என்றாராம்.

ஆனால் இன்று அண்ணன் நாள் முழுக்கக் காய்ச்சலில் லயத்து வீட்டிலேயே படுத்திருந்தான். மாலையில் அக்கா வந்து, "காய்ச்சலோட எதுக்கு மலைக்கு வந்து கத்துன? அது யாரு பேரு?" என்று கேட்டு, இன்று பனிக்குள் ஆண் குரலில் மூன்று முறை கேட்ட பெயரைச் சொன்னார். அண்ணன் தனக்கென்று தேர்ந்தெடுத்து, என்னிடம் மட்டும் சொல்லியிருந்த புதுப் பெயர் அது. இந்தக் கடிதத்தில்கூட நான் எழுதவில்லை.

அண்ணன் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தான். "என் பேருதாங்க்கா" என்றான்.