அசேனாதா இருக்கட்டும்

டோரீன் வாயை இறுக மூடிக்கொண்டாள். ஸ்பூனில் பூசணிக்காய் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரு வாய், டோரீன். ஒரே ஒரு வாய்," என்று கெஞ்சினார் லைல்.

"மீட்டர் வெளியில இருக்கு, தம்பி. பாத்துட்டுக் கெளம்பு."

கட்டிய மனைவிக்கே கரண்ட் கணக்கெடுக்க வந்த ஆளாகிப் போனது லைலுக்குப் பழகிவிட்டது. ஆரம்பத்தில் அழுதார். இப்போதெல்லாம் மீட்டரைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். ஆனால் சாப்பாட்டில் அப்படி விட முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் அந்த யாரம்பூல் ஊர் முதியோர் இல்லத்தில் டோரீனுக்கு ஊட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். ஃபிஜியிலிருந்து வேலைக்கு வந்த அசேனாதா. அவள் ஏதோ சர்ச் பாட்டை முணுமுணுத்தபடி ஸ்பூனை நீட்டினால் டோரீன் தானாக வாயைத் திறப்பாள். அன்றைக்குப் பார்த்து அவளுக்கு விடுமுறை.

சமையலறை நோலா தட்டை எடுக்க வந்தாள். அவளுக்கு இனிப்பாகப் பேச வராது, கேக்கில் மட்டும்தான் இனிப்பு.

"ஒரு நாளைக்கே இந்தப் பாடா? அவ மொத்தமாப் போயிட்டா என்ன பண்ணப் போறே?"

"எங்க போறா?"

"வசந்த காலத்தோட அவ விசா முடியுது, லைல். நீட்டிக்கிறதும் நீட்டிக்காததும் இந்தத் தேர்தல்ல ஜெயிச்சு வர்றவன் கையில. எவன் என்ன சொல்றான்னு இந்தத் தடவையாவது படிச்சுப் பாத்து ஓட்டுப் போடு."

லைல் படித்துப் பார்த்து ஓட்டுப் போட்டதே இல்லை. பள்ளிக்கூட வாசலில் அப்பாவின் கட்சிக்காரன் நீட்டும் சீட்டை வாங்கி, அதில் வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு என்று போட்டிருக்கும் வரிசை எண்களை அப்படியே ஓட்டுச்சீட்டில் எழுதுவார். பிறகு அங்கேயே விற்கும் வெங்காயம் போட்ட சாசேஜ் ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார். அவருடைய அரசியல் அவ்வளவுதான். போடாவிட்டால் அபராதம் வேறு.

இப்போது ஐந்து வேட்பாளர்களின் துண்டறிக்கைகளையும் மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். குடியேற்றத்தைப் பற்றி ஐந்து பேரும் 'சரியான ஆட்கள், சரியான அளவில்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒருவர் படத்தில் மட்டும் நாய் இருந்தது. நேரில் கேட்டுவிடுவோம் என்று கிளம்பினார்.

டிராக்டர் டயர் கடை கிரேம்தான் 'கதவை மூடு' கட்சி வேட்பாளர்.

"எல்லாரையும் அனுப்பிடணும், லைல். ஒருத்தரையும் விடக் கூடாது."

"அசேனாதாவையுமா?"

கிரேம் திடுக்கிட்டார். "அவளை எதுக்குய்யா அனுப்பணும்? எங்கம்மாவுக்குத் தலை வாரி விடுறது அவதான். நான் சொன்னது மத்தவங்களை."

"எந்த மத்தவங்களை?"

"எனக்குத் தெரியாதவங்களை."

தற்போதைய எம்.பி. ஸ்பார்க்ஸ், அப்பாவுக்குக் கடைசி வரை பிடிக்காத கட்சிக்காரர். அவர் லைலின் தோளில் கை போட்டுப் பேசினார். "மொத்தத்துல ஆளுங்களைக் குறைக்கணும். நம்ம தொகுதிக்கு மட்டும் கூட்டணும்."

"மத்த தொகுதிக்காரங்க ஒத்துக்குவாங்களா?"

"அவங்களும் இதையேதான் சொல்றாங்க. அதனாலதான் மொத்தம் குறைய மாட்டேங்குது."

மெல்போர்னிலிருந்து வந்திருந்த இளம் பெண் வேட்பாளர், யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம் என்றாள். லைலுக்குத் தெம்பு வந்தது. "அப்போ நம்ம முதியோர் இல்லத்துல..." என்று தொடங்கினார். "அது எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவள் சாய்ந்து நின்றதே அதன் வேலியில்தான். நான்காமவர் போனை எடுக்கவில்லை. ஐந்தாமவர் எடுத்தார், ஆனால் தான் தேர்தலில் நிற்பதையே மறந்திருந்தார்.

ஒப்பிட்டுப் பார்த்ததில் லைலுக்கு ஒன்று விளங்கியது. முகம் தெரிந்தவளை அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை, இருக்க வைக்கச் சட்டமும் யாரிடமும் இல்லை. அப்படியானால் அவள் முகத்தை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டியதுதான். பழைய கதவு ஒன்றுக்கு வெள்ளையடித்து, அசேனாதா சிரிக்கும் படத்தைப் பெரிதாக்கி ஒட்டி, 'அசேனாதா இருக்கட்டும்' என்று எழுதி, நெடுஞ்சாலையில் கோதுமைக் குதிர்களின் வேலியில் கட்டினார்.

அங்கேதான் சனி பிடித்தது. அந்த வேலியில் ஏற்கெனவே வேட்பாளர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"யாருப்பா அந்தப் பொண்ணு?" என்று மதுக்கடையில் ஒருவர் கேட்டார். "மத்த அஞ்சு பேரை விட நல்லா சிரிக்குது. என் ஓட்டு அதுக்குத்தான்."

"என் ஓட்டைப் பிரிக்கப் பாக்குறியா?" என்று கிரேம் லைலின் வீட்டு வாசலிலேயே வந்து சண்டை போட்டார். தேர்தல் தட்டி என்றால் அதை அனுமதித்தவர் பெயரும் ஊரும் கீழே இருக்க வேண்டும் என்று சட்டமும் பேசினார். லைல் ஓடிப்போய் 'அனுமதித்தவர்: லைல் டகன், யாரம்பூல்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். மறுநாள் திராட்சைத் தோட்டத்து வெளிநாட்டுக் கூலியாட்கள் இரண்டு பேர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தங்களுக்கும் அந்த அனுமதியைத் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டார்கள். லைல் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

பேச்சு இல்லத்தின் தலைமை அலுவலகம் வரை போயிற்று. மேலாளர் கெயில் அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"வேலை செய்யறவங்க அரசியல்ல இறங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. தேர்தல் முடியற வரைக்கும் அவ உள்ள வரக் கூடாதாம். என்னால ஒண்ணும் பண்ண முடியல, லைல்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். டோரீன் சாப்பிடுவதை அடியோடு நிறுத்தினாள். கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுந்தது. லைல் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரோ ஒருத்தன் தன் மோதிரத்தைத் திருடிவிட்டான் என்று டோரீன் அன்று முழுக்கப் புலம்பினாள்.

லைல் அசேனாதாவின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"விடுங்க லைல், நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. டோரீன் சாப்பிடறாங்களா?"

அவர் கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினார். "உனக்கு நிரந்தர விசாவே வாங்கித் தர்றேன், பாரு," என்றார்.

அவள் கிளிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "நிரந்தரம்னா, என் பொண்ணைக் கூட்டிக்கலாம் இல்ல? பிரிஸ்பேன்ல அக்கா இருக்கா. நிரந்தரம்னா எங்க வேணும்னாலும்..."

"நீ எங்கயும் போக வேண்டாம்மா. அதுக்குத்தானே நான் இருக்கேன்," என்று லைல் அவளை முடிக்க விடவில்லை.

ஓட்டுப்பதிவு அன்று சாசேஜ் வரிசையில் நின்ற லைலை ஸ்பார்க்ஸ் தனியே இழுத்துக்கொண்டு போனார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"உன்னால நான் செத்தேன்யா. ஓட்டுச்சீட்டுல அடியில அவ பேரை எழுதி ஒண்ணுன்னு போடறாங்களாம். எங்களுக்கெல்லாம் ரெண்டுலேர்ந்து ஆறு. அத்தனையும் செல்லாத ஓட்டு, அத்தனையும் எனக்கு விழ வேண்டிய ஓட்டு."

"நான் என்ன செய்ய?"

"வாசல்ல நின்னு, எழுதாதீங்கன்னு சொல்லு. என்னை ஒண்ணாவதாப் போடச் சொல்லு. ஜெயிச்சா மந்திரிகிட்டப் பேசி அவளுக்கு நிரந்தர விசா வாங்கித் தர்றேன். எங்கம்மா மேல சத்தியம்."

செத்துப்போன அப்பாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, லைல் நாள் முழுக்க வெயிலில் நின்று அப்பா வெறுத்த கட்சியின் சீட்டை நீட்டினார். ஸ்பார்க்ஸ் மயிரிழையில் ஜெயித்தார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். அரசியல்வாதிகளுக்கு எப்போதாவது அப்படி வந்துவிடுகிறது.

அசேனாதா வேலைக்குத் திரும்பினாள். டோரீன் மறுபடி வாயைத் திறந்தாள், கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. குளிர்காலம் முடியும் முன்பே விசா வந்தது. அசேனாதா லைலைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ஒரு மனுஷிக்கு இத்தனை சந்தோஷமா என்று லைலும் அழுதார். வருஷக்கணக்கில் இல்லாத உறக்கம் அன்று அவருக்கு வந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை, அவர் லாமிங்டன் கேக் வாங்கிக்கொண்டு இல்லத்துக்குப் போனார். டோரீனின் அறையில் நோலா உட்கார்ந்திருந்தாள். கையில் பூசணிக்காய் சூப், அதன் மேல் ஆடை படிந்திருந்தது.

"அசேனாதா எங்க?"

"பிரிஸ்பேனுக்கு. காலையில பஸ்ல போயிட்டா. உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லத் தைரியம் இல்லையாம். டோரீனுக்கு முத்தம் கொடுத்துட்டு அழுதுக்கிட்டே போனா."

லைல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நோலாவிடமிருந்து ஸ்பூனை வாங்கி நீட்டினார். அந்தப் பாட்டை முணுமுணுத்தும் பார்த்தார், மெட்டு வரவில்லை.

"மீட்டர் வெளியில இருக்கு, தம்பி," என்றாள் டோரீன்.

"ஏன் போனா, நோலா? அவ இங்க இருக்கணும்னுதானே நான் இவ்வளவும் பண்ணேன்?"

நோலா அவர் கையிலிருந்த கேக் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தாள்.

"பழைய விசாவுல அவளுக்கு இருந்தது ஒரே ஒரு நிபந்தனைதான், லைல். இந்த இல்லத்தை விட்டு வேற எங்கயும் வேலைக்குப் போகக் கூடாதுன்னு. அதைத்தான் நீ நாள் பூரா வெயில்ல நின்னு எடுத்து விட்டே."