டிஸ்கை வெளியே எடுக்கச் சொல்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே பாதி நலம், அங்கே நீங்க எல்லாரும் முழு நலமாக இருக்க வேண்டும். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? போனில் நீங்க என்னைப் பேசவே விடுவதில்லை, "இப்ப என்ன எழுதியிருக்கு, எழுத்துக்கூட்டி வாசிங்க அண்ணி" என்றே பொழுது போய்விடுகிறது, அதனால்தான் கடுதாசி.

உங்க அண்ணன் பாதியில் விட்டுப்போனதை முடித்தே தீருவேன் என்று நான் உட்கார்ந்தது தப்புத்தான். ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த மனுஷருக்கு வயசான காலத்தில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் எதற்கு? நீங்கதான் ஏற்றிவிட்டது. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டர் பண்ணி அதில் போடுங்க, கெட்டாலும் நிஜத்துக்கு ஒன்றும் ஆகாது என்றீங்க. பொய்க்கு ஒன்றும் ஆகலை, நிஜ மனுஷருக்குத்தான் ஆச்சு.

முதல் ஞாயிறு நீங்க சொல்லச் சொல்ல எல்லாம் அமுக்கினேன். முடிந்தது, டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு என்டரைத் தட்டு என்றது. எந்த டிஸ்க்? இந்தப் பெட்டியில் டிஸ்க் போட வாயே கிடையாது. மவுஸைப் பிடுங்கினேன், பிரிண்டர் வயரைப் பிடுங்கினேன், கடைசியில் அவருடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூடியையே கழற்றினேன். உள்ளே அவர் நீலச்சட்டைப் பொத்தான் கிடந்தது. அதை நான் துவைக்கும்போது தொலைத்தேன் என்று ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, மூடியைப் பூட்டி என்டரைத் தட்டினால், திரும்ப முதலிலிருந்து எந்த மொழி வேண்டும் என்கிறது.

"அந்த டிஸ்கும் பொய் டிஸ்க் அண்ணி, செட்டிங்ஸ்ல இருக்கும், எடுத்துடுங்க" என்றீங்க. அங்கே ரெண்டு இருந்தது, ஒன்று ஏற்றுகிற டிஸ்க், இன்னொன்று ஏற்றினது இருக்கிற டிஸ்க், அது தெரியாமல் ரெண்டையும் எடுத்தேன். எழுப்ப உள்ளே யாருமே இல்லை என்றுவிட்டது. அப்போதுதான் நீங்க பூட்லோடர் என்றால் தூங்குகிற சிஸ்டத்தைத் தட்டி எழுப்புகிற ஆள் என்று விளக்கினது. "அப்ப இத்தனை வருஷம் உங்க அண்ணனுக்கு நான்தான் பூட்லோடர்" என்றேன். அன்றைக்கும் நான் எழுப்பித்தான் பார்த்தேன் தம்பி. சரி விடுங்க.

அடுத்த ஞாயிறு திரை கறுப்பாக வந்து, அந்த எழுப்புகிற ஆளே வழி தெரியாமல் கிரப் ரெஸ்க்யூ என்று நின்றது. "ரெஸ்க்யூன்னா காப்பாத்துறது அண்ணி." "யாரு யாரை?" என்று கேட்டேன். நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. அவர் போனதிலிருந்து என்கிட்ட பேசறவங்க எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா குரலில்தான் பேசறாங்க, அதனால் சொல்கிறேன்.

போன வாரம், "இது மட்டும் எழுந்துட்டா போதும் அண்ணி, அப்புறம் ஞாயித்துக்கிழமை உங்களைத் தொல்லை பண்ண மாட்டேன்" என்றீங்க. பின்னால் தங்கச்சி, "உங்க அண்ணி பாடம் இன்னும் முடியலையா" என்றதும் காதில் விழுந்தது. அவள்மேல் தப்பில்லை, நீங்க வீட்டில் இருப்பதே அந்த ஒரு நாள். ஆகவே இது இந்த ஜென்மத்தில் சரியாகாது என்று முடிவு பண்ணிவிட்டேன். பெட்டியை எடைக்குப் போடப்போகிறேன். இனிமேல் போன் பண்ண வேண்டாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடுங்க.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் நம்பாதீங்க. புதன்கிழமையே அது எழுந்துவிட்டது. ரெண்டில் எது ஏற்றுகிற டிஸ்க் என்று நானே கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்தேன். பெயர் கேட்ட இடத்தில் அவர் பெயரைப் போட்டிருந்தேன், நல்வரவு என்று அவரைக் கூப்பிட்டது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் டிஸ்கைத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன். இப்போது மறுபடியும் எந்த மொழி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்க போனில் சொல்லாமல் நான் எதையும் அமுக்கமாட்டேன்.