சாக மறுத்த சங்கு

அரைகுறையாகக் கற்றவன் கையில் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை கிடைத்தால் ஊர் தாங்காது. ஊர், லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அரைகுறை, அடியேன்தான்.

ஹட்டனில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த கையோடு தோட்டத்து ஃபேக்டரி ஆபீசில் தற்காலிக வேலை கிடைத்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து போய் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். (அம்மா அப்போதும் எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டுதான் இருந்தார்.) ஒழுங்காக இருந்தால் நிரந்தரமாக்குவதாகத் தொரை சொல்லியிருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் ஆமை வேகம். "நான் பறக்க விடுறேன் பாருங்க" என்று கிளாக்கர் ஐயாவிடம் பீற்றிக்கொண்டு, கறுப்புத் திரையைத் திறந்து, உள்ளே ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களை எண்ணும் பெயருமாக வரிசையாக வரவழைத்தேன். பெயர் புரியாததெல்லாம் வேண்டாதது என்பது என் கொள்கை. ஒரு வரி தட்டினால் ஒன்று காலி. அடடா, யமன் வேலை இவ்வளவு சுலபமா! எனக்குப் புல்லரித்துப் போனது.

ஒன்று மட்டும் சாகவில்லை. கொன்றால் உடனே புது எண்ணோடு எழுந்து வந்தது. மறுபடி கொன்றேன், மறுபடி எழுந்தது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. வெளியே ஃபேக்டரிச் சங்கு ஊதியதெல்லாம் காதில் ஏறவே இல்லை.

வேலை நேரத்துக்குச் சங்கு ஊதுவதே அந்தப் புரோகிராம்தானாம். உயிர் பெறும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை ஊதிப் பார்க்குமாம். எங்கள் தோட்டத்திலோ, சங்கு விட்டுவிட்டு ஊதினால் ஃபேக்டரியில் தீ என்று அர்த்தம்.

"தம்பி, ஜன்னலப் பாருங்க!" என்று கிளாக்கர் அலறினார்.

பார்த்தேன். மலையே இறங்கி வந்துகொண்டிருந்தது. கூடைகளைப் போட்டுவிட்டு வாளி, குடம், கேன் என்று அகப்பட்டதில் தண்ணீரோடு அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். ஒரு விரலால் இவ்வளவையும் அசைத்திருக்கிறேனே! பயத்திலும் வாய் பிளந்து நின்றேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தது அம்மா.

"எங்கங்கய்யா தீ?"

கிளாக்கர் கம்ப்யூட்டரைக் காட்டி, "இந்தா, இதாலதான் எல்லாம்!" என்றார்.

அவர் கையை மடக்குவதற்குள் வாளி அதன்மேல் கவிழ்ந்தது. படீர் என்றது. சங்கு அடங்கியது. என் கட்டளை எதற்கும் சாகாதது அம்மாவின் ஒரே வாளியில் போய்ச் சேர்ந்தது.

"நீ உள்ள இருக்கியேன்னுதான்டா ஓடியாந்தேன்" என்றார் அம்மா, மூச்சு வாங்க. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர்களை அசைத்தது என் விரல் என்று நினைத்தேனே, என்ன மடத்தனம்!

தொரை வந்து நனைந்த கம்ப்யூட்டரையும் வாளிக் கூட்டத்தையும் பார்த்தார். கூட்டத்துக்கு நன்றி சொன்னார். என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

இப்போது கொழும்பில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். (அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது.) வேலை முடியாமல் இழுத்தடிக்கும் நாட்களில் அம்மாவைப் போனில் அழைத்து, "கம்ப்யூட்டர் ஒன்னு மக்கர் பண்ணுதும்மா, பொறகு பேசுறேன்" என்பேன்.

"நீ ஒன்னத்தையும் தொடாத" என்பார் அம்மா. "நான் வாளியோட பஸ் ஏறுறேன்."