எல்வுட் நேப்பியர் மூன்று கட்டங்களை முற்றுகையிட்ட படலம்

வாழ்க எல்வுட் நேப்பியர்! கரிமலை சூழ் கென்டக்கியின் கிழக்குப் பள்ளத்தாக்கில் தோன்றிய வன்தோளன், வியட்நாம் மண்ணில் பீரங்கி முழக்கிய பெருவீரன், இடக்காது முழுச் செவிடும் வலக்காது அரைச் செவிடுமாய் வீடு திரும்பிய விழுப்புண் வேந்தன், எவனையும் எதற்காகவும் நம்பாத இரும்பு நெஞ்சன் வாழ்க! இப்படி வாழ்த்த இந்தக் காலத்தில் எவனுக்கும் வாய் வருவதில்லை. கையகலக் கண்ணாடிப் பலகையைத் தடவவே நேரம் போதவில்லை. சாவுக்கு வந்தவனும் தடவுகிறான், கல்யாணத்துக்கு வந்தவனும் தடவுகிறான். எதிரே நிற்கிறவனுக்கு மூக்கு இருந்ததா என்று கேட்டால் முழிக்கிறான். முகம் பார்ப்பதே வழக்கொழிந்த இக்கலிகாலத்தில், என் முகத்தை ஒரு நீதிபதி நேரில் பார்த்தாக வேண்டும் என்று போர்க்கொடி தூக்கினான் கிழவன்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். காது போனதற்கு உதவித்தொகை வேண்டும் என்று அரசிடம் கேட்டான் எல்வுட். காகிதங்களையெல்லாம் புரட்டிப் பார்த்த யாரோ ஒரு மேசைவீரன், பீரங்கியின் வாயருகே ஒரு நாள்கூட நின்றறியாதவன், குளிரூட்டிய அறையில் குண்டுகுழியற்ற நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்பெழுதினான்: "காது போனது படையில் அல்ல, பிற்பாடு மரமறுக்கும் மில்லின் இரைச்சலில் வேலை பார்த்ததால்." வெடித்த எரிமலையெனச் சீறினான் எல்வுட். காசு போனால் போகிறது. பீரங்கி தின்ற காதை மரமில்லின் கணக்கில் எழுதினானே, அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. மேல்முறையீடு செய்வேன் என்று சூளுரைத்தான். சூளுரைத்துவிட்டு, அந்த வழியிலும் சூது இருக்கும் என்று பல மாதம் சும்மா இருந்தான். கெடு முடியும் வாரத்தில்தான் படிவத்தை நிரப்பிக்கொண்டு, மனைவி ஆர்லீனுடன், நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்திற்கு இறங்கினான்.

அங்கே, வண்டிப் பதிவு வரிசைக்கும் கொதிகலன் அறைக்கும் நடுவே, முன்னாள் படையினருக்கு உதவும் அலுவலர் ரோண்டா ஸ்டிட்னம் வீற்றிருந்தாள். அவளும் படையில் இருந்தவள்தான், ஆனால் கடற்படையில். தரைப்படைக்கும் கடற்படைக்கும் உள்ள பகை ஓய்வு பெற்றாலும் ஓயாது. படிவத்தைப் பார்த்தவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மிஸ்டர் நேப்பியர்! நீதிபதி முன்னாடி எப்படிப் பேசப் போறீங்கன்னு மூணு கட்டம் இருக்கு. ஒண்ணுல டிக் போடணும். நீங்க மூணுலயும் போட்டிருக்கீங்க. இதென்ன ஓட்டலா, எல்லாத்துலயும் ஒரு தட்டு கொண்டான்னு சொல்ல?"

"மொத குண்டு இலக்கைத் தாண்டி விழணும்," என்றான் எல்வுட், பாடம் நடத்தும் பெருமிதத்தோடு. "ரெண்டாவது இலக்க எட்டாம முன்னாடியே விழணும். மூணாவது நடுவுல விழுந்து தூள் கெளப்பணும். பீரங்கிக்காரன் அப்படித்தான் அடிப்பான். கப்பல்ல உருளக்கெழங்கு உரிச்சவங்களுக்கு இது எங்க தெரியப்போகுது?"

"நான் ராடார் பாத்தேன்! இது இலக்கு இல்ல, மிஸ்டர் நேப்பியர். இது படிவம்."

குண்டுகள் விழுந்த கட்டங்கள் மூன்றும் இவை. தாண்டி விழுந்த குண்டு, தலைநகராம் வாஷிங்டன்: நெடும்பயணம் போய், நீதிபதியின் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து பேசுவது. நடுக்குண்டு, லூயிவில் நகரத்து அலுவலகம்: மலைப்பாதை வளைந்து வளைந்து குடலைப் புரட்டும் நான்கு மணிநேரச் சவாரியின் முடிவில், அங்கொரு அறையில் உட்கார்ந்து திரையில் தெரியும் நீதிபதியோடு பேசுவது. முன்னால் விழுந்த குண்டு, சொந்த வீட்டுச் சமையலறை மேசை: அங்கே அந்தப் பாழாய்ப்போன கண்ணாடிப் பலகையைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பேசுவது.

"எதுக்கும் ஒரு தடவ பழகிப் பாருங்க," என்று ஒரு பலகையை எல்வுட்டின் கையில் திணித்துவிட்டு, இன்னொன்றோடு அடுத்த அறைக்குப் போனாள் ரோண்டா.

அந்தோ, அப்போது நடந்த அமரை எந்த நாவால் உரைப்பது! பகைவனின் கேடயத்தைப் பறித்தவன்போல் பலகையை இருகையாலும் பற்றினான் வீரன். திரையில் தோன்றியது அவன் நெற்றியின் மேற்பாதியும், வானில் சுழலும் சக்கராயுதமெனச் சுழன்ற கூரை விசிறியும். தாழ்த்தினான், மூக்குத்துளைகள் இரண்டும் கோட்டைவாயில்களாய் விரிந்தன. திரையின் மறுபாதியில் ரோண்டாவின் முகம் தோன்றிற்று. தொட்டி மீன்போல் வாய் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஒலியென்று ஒரு துளியும் இல்லை. கட்டைவிரல் என்னும் கதாயுதத்தை எல்வுட் ஓங்கிக் குத்த, ரோண்டா தலைகீழானாள். மறுபடி குத்த, மறைந்தே போனாள். மூன்றாம் குத்துக்குப் பலகை கோழிச்சூப் செய்முறை காட்டிற்று.

"என்ன பாத்து வாயத்தான் அசைக்கிறா! பேச மாட்டேங்கறா!" என்று அடித்தளம் அதிர முழங்கினான். வண்டிப் பதிவு வரிசையில் நின்றவர்கள் முதல்முறையாகத் தங்கள் பலகைகளிலிருந்து தலை நிமிர்ந்தார்கள். போரின் ஒரே வெற்றி அதுதான்.

"சத்தத்த நீயேதான் அணைச்சு வெச்ச, எல்வுட்," என்றாள் ஆர்லீன், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

தோல்வியின் சாம்பலிலிருந்து எழுந்து நின்று, மார்பு விம்ம, எல்வுட் பிரகடனம் செய்தான்: "வாஷிங்டன் போறேன்! அந்த ஆளு என் எதுக்க ஒக்காரட்டும். மெதுவாப் பேசட்டும். நான் 'என்னது, என்னது'ன்னு முழிக்கறத அவன் ரெண்டு கண்ணால பாக்கட்டும். பலகைக்குள்ள இருந்து பாத்தா, கெழவன் நடிக்கறான்னுதான் தோணும்."

திரும்பி வந்த ரோண்டா அவன் வலக்காதருகே குனிந்தாள். "நீங்க செவிடு இல்லன்னு யாரும் சொல்லல, மிஸ்டர் நேப்பியர். மில்லுல போச்சுங்கறாங்க. மில்லுக்கு முன்னாடியே போச்சுன்னு சொல்ல உங்களுக்கு யார் இருக்கா? கூட பீரங்கில நின்னவங்க?"

"செத்துட்டானுங்க."

"வேற?"

மலைபோல் நின்றவன் மணல்போல் சரிந்தான். அப்போது ஆர்லீன் பேசினாள். மூச்சு இடறும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"நான் சொல்லுவேன். அவன் திரும்பி வந்த அன்னிக்கு பஸ் நிலையத்துல இறங்கினான். நான் அவனுக்குப் பின்னாடி நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பல. கிட்டப் போய்க் கத்தினேன். அப்பவும் திரும்பல. அங்க வேற எவளையோ புடிச்சுட்டான் போலன்னு நெனச்சேன். மில்லுல சேந்தது அடுத்த வருசம்."

எல்வுட் அவளையே பார்த்தான். "இத நீ எங்கிட்டச் சொன்னதே இல்லையே."

"சொன்னேன். உனக்குக் கேக்கல."

ரோண்டா பேனாவை மேசைமேல் வைத்தாள். "இத நீதிபதிகிட்ட இவங்க வாயால சொல்லணும். எழுதியும் குடுக்கலாம்."

"எழுதிக் குடுத்தத படிச்சுட்டுத்தான மில்லுன்னானுங்க!" என்று உறுமினான் எல்வுட்.

"அப்போ இவங்க வரணும். வாஷிங்டனுக்கு இந்த ஆக்சிஜனோட வர முடியுமா, மேடம்?"

"லூயிவில்லுக்கே முடியாது, கண்ணு. சமையலறை வரைக்கும் வருவேன்."

என்னே விதியின் கொடுமை! அகழிக்கும் அரணுக்கும் அஞ்சாதவன், அதிகாரிகளின் ஆணைக்கும் தளபதிகளின் தாக்கீதுக்கும் தலைவணங்காதவன், தலைநகரத்துச் சலவைக்கல் படிகளில் தன் காலடி ஓசையால் சாம்ராஜ்யத்தையே நடுங்கச் செய்யக் கனவு கண்டவன், ஒரு கிழவியின் அறுந்தறுந்து வரும் மூச்சின் முன் ஆயுதம் இறக்கினான். ரோண்டா புதுப் படிவம் ஒன்றை நீட்ட, ஈட்டியைப் பிடிப்பதுபோல் பேனாவைப் பிடித்து, தான் உலகிலேயே அதிகம் வெறுக்கும் அந்தச் சமையலறைக் கட்டத்தில், காகிதம் கிழியுமளவு அழுத்தி ஒரே ஒரு டிக் போட்டான்.

"எழுதி வெச்சுக்கோ, மாலுமிப் பொண்ணே," என்று எழுந்தான். "அந்தப் பலகைக்குள்ள வர்றவன் நெசமாவே நீதிபதிதானான்னு யாரு கண்டா? கோட்டு மாட்டின எவனாவது இருப்பான். ஒரு நம்பிக்கையும் இல்ல எனக்கு."

"சரிங்க, மிஸ்டர் நேப்பியர்."

"கொஞ்சங்கூட இல்ல!"

இவ்வாறு முக்கட்ட முற்றுகையை முடித்த மாவீரன், வெற்றியா தோல்வியா என்று எவருக்கும் விளங்காத வீரநடையில், பகைவர்க்கு முதுகு காட்டினான் என்று பின்னாளில் எவனும் பழிக்காதபடி பக்கவாட்டாகவே நகர்ந்து, கதவைத் தள்ளித் திறந்தான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்ததால், ஆர்லீனை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு வண்டியை வாசலுக்குக் கொண்டுவரப் போனான்.