அத்தான் பிரசங்கத்தில் நாற்பத்தொரு அம்பு

திருப்பூர்
14.11.2006

அன்பும் மரியாதையும், இந்த வாரம் அதற்கு மேல் கொஞ்சம் பயமும் வைத்திருக்கிற அத்தான் ஜெபக்குமார் உபதேசியார் அவர்களுக்கு, மைத்துனன் அந்தோணிராஜ் எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் சுகம். மழை இல்லை, கரண்ட் இருக்கிறது. அங்கே உங்கள் தொண்டையும், அக்காவின் முழங்காலும், உங்கள் இரண்டு பேரையும் விட அதிகமாகச் சாப்பிடுகிற அந்தக் கறுப்பு ஆடும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொண்டு விடுகிறேன். ஒன்றே முக்கால் வருஷமாக உங்கள் பிரசங்கத் தொகுப்புக்கு ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கிறேனே, அதில் ஒரு பக்கம் கூட நான் முழுசாகப் படித்தது கிடையாது. அட்டையைப் படித்திருக்கிறேன். முன்பக்கத்தில் உங்கள் போட்டோவைப் பார்த்திருக்கிறேன். (தலையில் அவ்வளவு முடி எந்தக் காலத்தில் இருந்தது என்று அக்காவிடம் கேட்க வேண்டும்.) ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டினால் படிப்பேன், ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். யாராவது, நீங்க இதைப் படிச்சீங்களா என்று கேட்டால், நான் நேரிலேயே கேட்டவன் என்று சொல்லிவிடுவேன். அது பொய் இல்லை. கடைசி பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் காது திறந்துதானே இருந்தது.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நான் அந்தப் புத்தகத்தில் நாலு பக்கம் படித்திருந்தால் போன மாதம் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நீங்களும் எனக்கு நாலே வரியில் கார்டு போட்டிருக்க மாட்டீர்கள். "தொகுப்பு வேண்டாம். அச்சகத்துக்கும் எழுதிவிட்டேன். பேர் கொடுத்தவர்களிடம் சொல்லிவிடு. உன்மேல் வருத்தம் இல்லை." அத்தான், முதல் மூன்று வரியைக் கூடத் தாங்கிக்கொண்டேன். நீங்கள் திட்டினால் கோபம் என்று எனக்குத் தெரியும், வருத்தம் இல்லை என்று எழுதினால் சோறு இறங்கவில்லை என்று அர்த்தம். உடனே போன் பண்ணினேன். டாக்டர் பேசக்கூடாது என்று சொல்லியிருப்பதால் நீங்கள் போனை வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டீர்கள். அது கோப மூச்சா, சாதா மூச்சா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அக்கா வாங்கி, முப்பது வருஷத்துப் பிரசங்கக் குறிப்பையும் ஒரு பழைய வேட்டியில் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார் என்று சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன், கடைசி வரை படித்துவிட்டு மூட்டையை இறக்குங்கள்.

நம் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறு பாகத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பக்கம் எடுத்து ஒரே புத்தகமாகத் தைத்து அச்சகத்தார் எனக்கு ஒரு சாம்பிள் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் கோடு போட்ட தாள். சாம்பிளைப் பார்த்துப் பிடித்தவர்கள் அதில் பேரும் முகவரியும் எழுத வேண்டும், முந்நூறு பேர் சேர்ந்தால் அச்சடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நிற்பேன், மற்ற நாள் வெள்ளகோவில், காங்கேயம் என்று பஸ் ஏறுவேன், டீ டைமுக்கு ஏதாவது பனியன் கம்பெனி கேட்டில் இருப்பேன். அந்தோணியார் என்கிற கத்தோலிக்கப் பேரை வைத்துக்கொண்டு உபதேசியார் பிரசங்கத்தை விற்கிற ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். இருநூற்று எண்பது பேர் வரைக்கும் சேர்த்துவிட்டேன். இன்னும் இருபது பேர். அதோடு ஊரில் எனக்குத் தெரிந்த கிறிஸ்தவர்கள் தீர்ந்துவிட்டார்கள்.

அப்படித்தான் ஆறுச்சாமிக் கவுண்டர் கம்பெனிக்குப் போனேன். சொந்த ஊர் குண்டடம், தோட்டத்தை விற்றுக் கம்பெனி வைத்தவர், குழந்தைகள் உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். நெற்றி நிறைய விபூதி. வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன், காப்பி சொன்னார். புத்தகத்தைக் கையில் வாங்கி, எழுத்தைப் பார்க்கவில்லை அத்தான், துணியின் கனம் பார்க்கிற மாதிரி ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"ஏனுங்க, இது என்ன ஜி.எஸ்.எம். வருமுங்க?"

"இது பிரசங்கம்ங்க."

"அது செரிங்க. நம்ம கம்பெனில பாதிப் பேரு உங்கூர்ப் பக்கந்தானுங்க. தீவாளிக்கு எல்லார்த்துக்கும் ஸ்வீட் குடுத்துட்டமுங்க. கிறிஸ்மஸுக்கு என்ன வேணும்னு கேட்டா கேக்குங்கறாங்க. கேக்கு ரெண்டு நாள்ல தீந்து போகுமுங்க. இது எத்தன நாளைக்கு வருமுங்க?"

"ஆறு பாகம்ங்க. எங்க அத்தான் பேச ஆரம்பிச்சா ஆயுசுக்கும் வருமுங்க."

சிரித்தார். "இருபது செட்டு எடுத்துக்கறனுங்க. ஆனா நா வாக்குல சொல்றதில்லீங்க. சாம்பிள வெச்சுப்போட்டுப் போங்க. எங்க செக்கிங்ல பாக்கட்டும். அப்ரூவல் ஆச்சுன்னா ஆர்டர் உங்குளுக்குத்தான்."

இருபது செட்! எண்பதும் இருபதும் நூறு என்று கூட்டத் தெரியாதவனா நான்? புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கினேன். வாங்கித் திறந்தால், அத்தான், புத்தகம் முழுக்கச் சிவப்பு அம்பு.

உங்களுக்கு இது புரியாது, எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. செக்கிங் டேபிளில் பெண்கள் ஒவ்வொரு உடுப்பாகப் புரட்டிப் பார்ப்பார்கள். ஓட்டை, கறை, தையல் விட்டது, எது இருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி டெய்லரிடம் திருப்பி அனுப்புவார்கள். பதினாலு வருஷம் நான் மிஷினில் உட்கார்ந்தவன். அம்பு வந்தால் கேள்வி கேட்கக்கூடாது, பிரித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் யாருக்கும் யார்மேலும் கோபம் கிடையாது. அந்தப் பழக்கத்தில்தான் டீக்கடையில் உட்கார்ந்து எண்ணினேன், நாற்பத்தொரு அம்பு. பக்கம் எத்தனை, வரி எத்தனை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி, "அத்தான், உங்கள் பிரசங்கத்தில் நாற்பத்தொரு இடத்தில் டிஃபெக்ட் இருக்கிறது, பிரித்துத் தைத்துக் கொடுத்தால் ஆர்டர் நிச்சயம்" என்று சந்தோஷமாக உங்களுக்குப் போஸ்ட் பண்ணினேன். குரல் போய், இனி இந்தப் புத்தகம்தான் பேச வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் கார்டு வந்த பிறகுதான் தோன்றியது.

கார்டோடு நேரே செக்கிங் செக்‌ஷனுக்குள் போய்விட்டேன். ஒன்பது பெண்கள். அவர்களுக்குச் சூப்பர்வைசர் ரோஸ்மேரி, தெற்கே நம் ஊர்ப் பக்கத்துப் பெண், வாய் அக்காவுக்கு மேல். "எங்க அத்தான் பிரசங்கத்துல அப்படி என்னம்மா ஓட்டை?" என்று கேட்டேன்.

"எந்த ஓட்டையண்ணே?"

"நாற்பத்தொரு அம்பு ஒட்டியிருக்கியளே."

"ஏண்ணே, ஒங்களுக்குக் கோட்டியா புடிச்சிருக்கு? அது நல்லாருந்த எடமெல்லாம்லா! சாப்பாட்டு நேரத்துல நான் வாசிப்பேன், இவளுவ கேப்பாளுவ. யாருக்கு எந்த எடம் புடிக்குதோ அவ ஒட்டுவா. பேரு முதல் எழுத்துங்கூடப் போட்ருக்கோம், பாக்கலியா?"

"நல்ல இடத்துக்கு யாராவது அம்பு ஒட்டுவாங்களா?"

"பின்ன என்னத்த ஒட்டச் சொல்லுதிய? எங்க கையில அதான இருக்கு! ஒட்டுன எடத்த ஒருக்கா வாசிச்சாவது பாத்தியளா?"

அத்தான், உங்களிடம் இப்போது ஒத்துக்கொண்டதை அன்றைக்கு அவர்களிடம் ஒத்துக்கொண்டேன். புத்தகத்தை விற்கிற ஆளே படிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒன்பது பேரும் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். பக்கத்து லைனில் இருந்த ஒரிசாப் பையன்கள், என்ன விஷயம் என்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி?

அவர்களில் சாமியாத்தாள் என்று ஒரு அம்மா. இந்த ஊர்க்காரி, மாரியம்மனைக் கும்பிடுகிறவள், எழுத்து என்னை விடக் கம்மி. ஒரே இடத்தில் மூன்று அம்பு ஒட்டியிருக்கிறாள். எங்கே என்று ரோஸ்மேரி வாசித்துக் காட்டினாள். ஒரு அம்மா கோயிலுக்கு எப்போதும் பிந்தி வருகிறாள், கட்டுவதற்கு இருப்பது ஒரே சேலை, துவைத்தது காய்ந்தால்தான் வர முடியும், ஊரார் அவளைக் குறை பேசுகிறார்கள், அப்போது நீங்கள் சொல்கிறீர்கள், "கர்த்தர் உள்ளே உட்கார்ந்து மணி பார்க்கிறவர் என்றா நினைத்தீர்கள்? அவர் அந்தக் கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று சேலை காயக் காத்துக்கொண்டிருக்கிறார்" என்று. சாமியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க கஸ்டமெல்லாந் தெரிஞ்ச மாதர சொல்லிப்போட்டாருங்க. இத எழுதுன சாமி நல்லா இருக்கோணுமுங்க" என்றாள். அத்தான், அந்தப் பிரசங்கம் நீங்கள் பேசின அன்றைக்கு நானும் கோயிலில்தான் இருந்தேன். இவ்வளவு நல்ல விஷயத்துக்கா தூங்கினேன் என்று வெட்கமாகப் போய்விட்டது.

இதைத்தான் நான் டிஃபெக்ட் என்று எழுதி, நீங்கள் மூட்டை கட்டிப் பரணில் போட்டது.

கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், மறைக்கக்கூடாது. நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பதுதான் பிடித்ததற்கு ஒட்டினது. ஒன்று, கழுதைக் கதை மூன்றாவது தடவை வருகிற இடம். ரோஸ்மேரி கையோடு ஒட்டிவிட்டாள், ஆனாலும் எடுக்க வேண்டாம், கழுதை இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். இன்னொன்று எழுபத்திரண்டாம் பக்கம், அது சாம்பார். வாசிக்கும்போது சிந்திவிட்டது, கறை என்றால் அவர்கள் கை தானாக அம்பு ஒட்டும். அந்த இடத்தையும் சேர்த்து, அதில் என்ன தப்பு எழுதினோம் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், அத்தான். அது சாம்பார்தான்.

கவுண்டரிடமும் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னே, "அப்ரூவல் ஆயிருச்சுங்க. மொத்தமா பல்க் போட்டுருங்க" என்றார். அவரிடம் பாதி உண்மையைச் சொன்னேன், எங்க அத்தான் கோபத்தில் நாற்பத்தொரு இடத்தையும் எடுத்துவிடுவார் போல இருக்கிறது என்று. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அதெப்பிடீங்க? சாம்பிள் எப்பிடியோ அப்பிடித்தான் பல்க் வரோணும். ஒரு வரி மாறுச்சுன்னாலும் இருபது செட்டும் ரிஜெக்ட் பண்ணிப்போடுவனுங்க, ஆமாங்க!" உடுப்பு வாங்குகிற வெள்ளைக்காரன் இவரிடம் சொல்வதை இவர் உங்களிடம் சொல்கிறார். முப்பது வருஷம் பிரசங்கம் பண்ணினீர்களே, ஒரு வார்த்தை மாற்றக்கூடாது என்று யாராவது உங்களிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்களா?

ஆகையால் அத்தான், நான் கெஞ்சினதில் அச்சகத்தார் இருபத்தைந்தாம் தேதி வரைதான் பொறுத்திருப்பார்கள். நீங்கள் பேச வேண்டாம். அக்காவை விட்டுப் போனில் "அடிங்க" என்று ஒரே வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையோடு நிறுத்த அவளுக்குச் சிரமம், ஆனாலும் முயற்சி பண்ணட்டும். உங்கள் குரல் போய்விட்டது என்று சபையே அழுதபோது, சரி, இனியாவது அக்கா பேசலாம் என்று நினைத்த பாவி நான். அந்தப் பாவி சொல்கிறேன், ஒன்பது பெண்கள் சோற்றை மறந்து கேட்ட குரல் எங்கேயும் போய்விடவில்லை. என் பேச்சை நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். அந்தச் சாம்பிள் புத்தகத்தையே நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். அம்பு எல்லாம் ஒட்டினபடியே இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன். சாமியாத்தாளின் மூன்று அம்பையும் நீங்களே கண்ணால் பாருங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. ஆட்டுக்கும் சொல்லவும். உங்கள் ஜெபத்தில் என்னைக் கடைசியாக நினைத்தாலும் போதும், கடைசி பெஞ்சு எனக்குப் பழக்கம்தான். உங்கள் தொண்டை கர்த்தருடைய கையில் இருக்கிறது, அவரும் அதை ஓய்வாகத்தான் வைத்திருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கும் மைத்துனன்
ம. அந்தோணிராஜ்

பின்குறிப்பு (இரண்டு நாள் கழித்து எழுதுவது): மேலே எழுதிய புத்தகம் பார்சலில் வராது. அன்றைக்கு இதை எழுதின கையோடு, அப்ரூவல் சீட்டுக் கட்டுவதற்காக அதைக் கவுண்டர் ஆபீசில் கொடுத்தேன். அவர்கள் சீட்டுக் கட்டி ஸ்டைல் நம்பர் போட்டு, குழந்தைக் கவுன்கள் இருந்த பையில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பை நேற்று வாஷ் டெஸ்டுக்குப் போய்விட்டது. புத்தகத்துக்குப் பதிலாக ரோஸ்மேரி, சாமியாத்தாள் முதலான ஒன்பது பேரும் சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் பஸ் ஏறி, ஞாயிறு காலை உங்கள் வீட்டுக்கு வந்து ஒட்டின இடத்தையெல்லாம் வாயாலேயே சொல்வார்கள். அக்காவிடம் சொல்லி உலை வைக்கவும். சாம்பிளின் டெஸ்ட் ரிப்போர்ட் இத்துடன் இணைத்திருக்கிறேன். நாற்பது டிகிரி வெந்நீரில் மூன்று முறை துவைக்கப்பட்டது. நீளத்தில் சுருக்கம் நாலு சதவீதம். அகலத்தை அளக்க முடியவில்லை. இன்னொரு சாம்பிள் அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள்.