மேற்கு அறைக்கு மட்டும் தாள் இல்லை

என் வீட்டில் நான் ஒரு முடிவை எடுத்தால் எடுத்ததுதான். பிறகு டெல்ஃபினா அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவாள். எங்கள் குடித்தனம் இத்தனை வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

ஆனால் போன மார்ச்சில் எடுத்த முடிவை அவளிடம் சொல்லவே இல்லை. அதனால் இதுவாவது நிலைக்கும் என்று நம்பினேன். அந்தக் கோடையில் மச்சான் ஃபெர்மீன் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கக்கூடாது. அதுதான் முடிவு.

ஃபெர்மீன் டெல்ஃபினாவுக்கு ஒரே அண்ணன். சிகாகோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கத்துப் பனியில் உறைந்த எலும்பை இளக வைக்க ஒவ்வொரு ஜூலையிலும் வெயில் ஊரான எங்கள் லாரெடோவுக்கு வந்துவிடுவார். நல்ல மனிதர். அதுதான் தொந்தரவே, சண்டை போடவும் முடியாது. நான் கரியடுப்பில் இறைச்சி வாட்டினால் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இப்பத் திருப்பு மாப்ளே" என்பார். ஒரு கதை ஆரம்பித்தால் அது எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போகும். நடுவில் இறங்க விடமாட்டார்.

போன வருடம் எலும்போடு ஆளே இளகிவிட்டார். அவருக்குக் கொடுக்கும் மேற்கு அறை மத்தியானத்தில் ரொட்டி அடுப்பு மாதிரி இருக்கும். ஏசி ஓடி ஓடி இளைத்ததே தவிர அறை குளிரவில்லை. பாவம், சீக்கிரமே கிளம்பிவிட்டார். டெல்ஃபினா அவர் காபி குடித்த கோப்பையைக் கழுவிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பின்கட்டுக்குப் போய் ஒரு பீர் திறந்தேன்.

மார்ச்சில் அவள் ஆரம்பித்தாள். பரணில், கூரைக்கு அடியில், பளபளக்கும் அலுமினியத் தாள் அடிக்க வேண்டுமாம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். அதனால் எதையும் அடுப்பை வைத்துத்தான் விளக்குவாள்.

"கிழவா, தணல் முன்னாடி நின்னா மூஞ்சி எரியுதுல்ல?"

எங்கள் பக்கம் கிழவா என்பது செல்லப் பெயர். அவள் சொல்லும்போது மட்டும் உண்மைபோலக் கேட்கும்.

"எரியும்."

"நடுவுல ஒரு பளபளப்பான தட்டைப் பிடி. உடனே எரிச்சல் நின்னுடும். வெயில் பட்டுப்பட்டு நம்ம கூரை மொத்தமும் தணலா இருக்கு. அது நேரா கீழ பார்த்து அனல் வீசுது. அடியில தாளை அடிச்சா அனல் கீழ இறங்காது. கீழ பார்க்கிற பக்கம் பளபளன்னு இருக்கணும், எதோடயும் ஒட்டாம காத்துவெளி இருக்கணும். அவ்வளவுதான்."

அவளுக்கு அவ்வளவுதான். எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அனல் நேராக இறங்குகிறது என்றால், தாள் எந்த அறைக்கு மேல் இருக்கிறதோ அந்த அறைக்குத்தான் நிம்மதி. மேற்கு அறைக்கு மேலே மட்டும் விட்டுவிட்டால்? தாள் இல்லாத இடத்தில் மச்சானால் தாள முடியுமா?

உடனே சம்மதித்தேன். வேண்டுமென்றே ஒரு சுருள் குறைத்து வாங்கினேன். வெயில் ஏறுவதற்கு முன் விடிகாலைகளில் பரணில் ஊர்ந்து, கூரைச் சட்டங்களின் அடியில் தாளை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன். மேற்கு மூலையை மட்டும் தொடவில்லை. கீழே இறங்கியதும், முழுக்கப் போட்டாயிற்றா என்று கேட்டாள். முழுக்க என்றேன். தலைமுடியில் ஒட்டியிருந்த பரண் பஞ்சைத் தட்டிவிட்டு எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். கொஞ்சம் உறுத்தியது. முட்டை நன்றாக இருந்ததால் சாப்பிட்டுவிட்டேன்.

ஜூலையில் ஃபெர்மீன் வந்தார். முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேற்கு அறைக்குள் போனார். நானும் டிவி அறையில் என் சாய்நாற்காலியில் உட்கார்ந்து, பேஸ்பால் பார்த்தபடி அவர் வெந்து வெளியே வருவதற்காகக் காத்திருந்தேன். எனக்கு வேர்த்தது. ஆவல் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றினேன். மறுபடியும் வேர்த்தது. நாற்காலியின் தோல் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் மச்சான் முகம் மலர எழுந்து வந்தார். இப்படித் தூங்கி வருடக்கணக்காகிறது என்றார். பிறகு தங்கச்சியிடம் ஒரு போர்வை கேட்டார். அவருக்குக் குளிரெடுத்ததாம். நான்தான் உருகிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினேன். மேற்கு மூலை கண்ணாடிபோல மின்னியது. சுருக்கம் இல்லை, தொய்வு இல்லை, என் வேலையைவிடச் சுத்தம். என் டிவி அறைக்கு மேலே வெறும் கூரை. சட்டங்களில் நான் அடித்த பின்களின் தடம் மட்டும் இருந்தது.

கீழே ஏணியைப் பிடித்தபடி டெல்ஃபினா நின்றிருந்தாள்.

"நான் விழுந்துடுவேன்னு பிடிச்சிருக்கியா?"

"இறங்காம அங்கேயே ஒளிஞ்சுக்குவியோன்னு பிடிச்சிருக்கேன்."

இறங்கினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. மே மாதத்தில் ஒவ்வொரு அறையிலும் நாற்காலி போட்டு ஏறி, உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாளாம். மேற்கு அறையில் மட்டும் கை சுட்டதாம். மச்சான் வருவதற்கு முந்திய இரண்டு சனிக்கிழமைகளில், நான் விடிகாலையிலேயே மீன் பிடிக்கப் போனதும் ஏறி, தாளை இடம் மாற்றிவிட்டாளாம்.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. முழுக்கன்னு சொன்ன."

இருந்த ஒரே அண்ணனை வேக வைக்கப் பார்த்தவன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. குறைந்த அந்தச் சுருளை இன்றைக்கே வாங்கி வந்து அடித்துவிடுகிறேன் என்று நானாகவே சொன்னேன்.

"இந்த ஜூலை வெயில்லயா? பரண்ல மயங்கி விழுவ. அக்டோபர்ல அடிச்சுக்கலாம்."

"மறுபடியும் தனியாவா? மார்ச்ல அடிச்சதுலயே இடுப்பு ஒடிஞ்சுது. ஒருத்தர் தாளைப் பிடிக்கணுமே."

டெல்ஃபினா ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தாள்.

"அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். அக்டோபர் வரைக்கும் இங்கேயே இருந்து பிடிச்சுக் கொடுக்கிறாராம்."